ஜீனோவா, காட்னிஸா, வந்தியத்தேவனா? பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குதல்

செப்டம்பரில் கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி தொடங்க முன்னமே அக்கா காசைத் தந்துவிடுவாள். பிள்ளைக்கு எதை வாங்குவது என்று முடிவெடுப்பது என் வேலை. பிள்ளை என் பெறாமகள், வயது பதினாலு. வெள்ளவத்தையில் வீடு; பாடசாலையில் தமிழ் மூலம், கணிதமும் விஞ்ஞானமும் மட்டும் ஆங்கிலத்தில். ஆகவே இரண்டு மொழியிலும் வாசிப்பாள். புத்தகம் இழுக்காவிட்டால் இரண்டு மொழியிலும் பத்தாம் பக்கத்தில் கைவிடுவாள். அக்காவின் நிபந்தனை, "பிரயோசனமானதா ஏதாவது வாங்கு." என் நிபந்தனை, வாங்கியதை அவள் கடைசிப் பக்கம்வரை வாசிக்க வேண்டும்.

நான் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவள். காலி வீதி பஸ்ஸில் ராஜேஷ்குமார், இரவில் பரிசு வாங்கிய நாவல் என்று இரண்டும் ஒரே நாளில் நடக்கும். வெகுசனக் கதை என்றால் ஒரு படி கீழே என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பதினாலு வயதுப் பிள்ளையைப் போனைக் கீழே வைக்கச் செய்து ராத்திரி பதினொரு மணிவரை ஒரு கதை விழித்திருக்க வைக்கிறதென்றால், எழுதியவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. இங்கே நான் அந்தத் தொழிலைத்தான் ஒப்பிடப் போகிறேன். இலக்கியத் தரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் 'யங் அடல்ட்' என்று இந்த வயதுக்கெனத் தனித் தட்டு இருக்கிறது. அதன் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1967இல் அமெரிக்காவில் வந்த எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. எழுதத் தொடங்கியபோது அவரே பள்ளிப் பிள்ளை. புத்தகம் வெளிவந்தபோது வயது பதினெட்டு. தமிழில் அப்படி ஒரு தட்டு வரவில்லை. அம்புலிமாமாவையும் முத்து காமிக்ஸையும் விட்ட கையோடு அம்மா வாசிக்கும் தொடர்கதைக்குத் தாவியவர்கள் நாங்கள். வாரப் பத்திரிகையின் தொடர்கதை பெரியவர்களுக்காக எழுதப்பட்டது, ஆனால் வீட்டில் எல்லோரும் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதப்பட்டது. ஆகவே ஒப்பிடுவதானால் ஆங்கிலத்தின் அந்தத் தட்டுக்கு எதிரே தமிழின் தொடர்கதையைத்தான் வைக்க வேண்டும். அதைச் சிறுவர் கதையோடு ஒப்பிட்டுவிட்டுத் தமிழில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன்.

ஆங்கிலப் பக்கத்தில் என் முதல் தெரிவு 'ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் வந்தது, அடுத்த இரண்டு பாகங்களும் 2009, 2010இல் வந்து கதையை முடித்தன. எழுதிய சுசான் கொலின்ஸ் அதற்கு முன் பிள்ளைகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுதியவர். விளம்பர இடைவேளைக்கு முன் எங்கே நிறுத்த வேண்டும் என்ற பழக்கம் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் தெரியும். கதையைப் பதினாறு வயதுக் காட்னிஸே தன் வாயால், நிகழ்காலத்தில் சொல்கிறாள். அடுத்த நிமிடம் அவள் உயிரோடு இருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது என்ற உணர்வு அதில் வருகிறது. ஆங்கிலமும் கடினமில்லை. விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை அகராதி இல்லாமலே போய்விடலாம். பாடப்புத்தகம் கற்றுத்தராத கோபம், பயம், நக்கல் எல்லாவற்றுக்கும் சொல் பழகிக்கொள்ளும்.

இந்தப் புத்தகத்தைக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கதையில் வரும் நாட்டின் பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுத்து, ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்புவார்கள். தலைநகரம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து ரசிக்கும். ஒரு அலைவரிசையில் நிஜப் போட்டி நிகழ்ச்சி, அடுத்ததில் போர்க் காட்சி என்று மாற்றி மாற்றிப் பார்த்தபோது தோன்றிய எண்ணம் என்று கொலின்ஸ் சொல்லியிருக்கிறார். அமெரிக்க வாசகருக்கு அது எதிர்காலக் கற்பனை. போரின் கடைசி வருடங்களில் வன்னியில் போருக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கப்பட்ட காலத்தைத் தாண்டி வந்த ஒரு தாய், பெயர் வாசிக்கப்படும் அந்த முதல் அத்தியாயத்தை எப்படி வாசிப்பாள்? எங்கள் தொடர்மாடியிலேயே அப்படியான குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எதையும் சொல்லவில்லை, சொல்லும் உத்தேசமும் இல்லை. இதனால் புத்தகத்தைத் தள்ளி வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாசித்துவிட்டுப் பிள்ளை கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வீட்டில் ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். அக்காவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நீ வந்து பதில் சொல்லு" என்றாள்.

'ஹங்கர் கேம்ஸ்' பிடித்த பிள்ளைக்கு மட்டுமில்லை, அதை வாங்கக் காசு போதாத பிள்ளைக்கும் தமிழில் அதன் எதிர்க்கடையில் நிற்பது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நடக்கும் காலம் 2020களின் தொடக்கம். அதாவது அவர் கற்பனை செய்த எதிர்காலத்தைக் கடந்து வந்து நாம் வாசிக்கிறோம். ஜீவா என்ற ஒரே தலைவனின் ஆட்சி. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். பெயர் எப்படி இருக்க வேண்டும், எத்தனை வயதுவரை உயிரோடு இருக்கலாம் என்பதையும் அரசே தீர்மானிக்கும். நிலாவின் கணவன் காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். அது புத்தகம் வாசிக்கும், வாதம் செய்யும், மனிதர்களைவிட நன்றாகப் பகிடி விடும்.

இரண்டுமே கொடுங்கோல் அரசைப் பற்றிய கதைகள். இரண்டிலும் சாதாரணப் பெண் ஒருத்தி அரசின் பொய்யைக் கண்டுபிடிக்கிறாள். சுஜாதா அதை ஏறத்தாழ இருபது வருடம் முந்திச் செய்துவிட்டார் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் வாசிக்கும் அனுபவம் ஒன்றில்லை. கொலின்ஸிடம் சிரிப்பு மிகக் குறைவு. சுஜாதாவிடம் பயங்கரமான இடத்திலும் ஜீனோ ஒரு வரி சொல்லிச் சிரிக்க வைத்துவிடும். தமிழில் நீளமான வசனம் என்றால் ஒதுங்குகிற பிள்ளைக்கு அவருடைய வெட்டு வெட்டான நடையைப் போல உதவுவது வேறில்லை. 'தமிழ் வாசிக்க அலுப்படிக்குது' என்று சொன்ன சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் இதில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஒரு குறை மட்டும் கண்ணில் படும். முடிவுகளைக் காட்னிஸ் தானே எடுக்கிறாள், பிழையென்றாலும் தன் பிழை. நிலாவுக்குப் பெரும்பாலும் யோசனை சொல்வது நாய். எழுதப்பட்ட காலத்தை வைத்து நான் மன்னித்துவிடுகிறேன், பதினாலு வயது மன்னிக்காது. அதைப் பற்றி அவள் சண்டை பிடித்தால் எனக்கு இன்னும் சந்தோசம்.

பொன்னியின் செல்வனைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழர் யாரும் என்னை விடமாட்டார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்து, இன்றும் கண்காட்சியில் தமிழ்க் கடைக்காரர் முன்வரிசையில் வைக்கும் புத்தகம். 2022, 2023இல் படம் இரண்டு பாகமாக வந்தபின் பிள்ளைகளுக்குப் பாத்திரங்களின் முகம் தெரியும்; பெயர்கள் குழம்பும் பழைய பிரச்சினை பாதி தீர்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை வாசகரைத் திரும்ப வரவழைக்க வேண்டிய கட்டாயத்தில் எழுதியவர் கல்கி. ஒளிந்திருந்து கேட்கப்படும் பேச்சு, இருட்டில் தெரியும் உருவம், யாரோ வரும் காலடிச் சத்தம் என்று அத்தியாயத்தை முடிக்கும் கலையில் கொலின்ஸுக்கு அவர் சளைத்தவர் இல்லை.

எங்கள் நாட்டுப் பிள்ளைக்கு இதில் தனிச் சுவை ஒன்று உண்டு. இரண்டாம் பாகத்தில் பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகு வலித்து வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டுவருகிறாள். அருள்மொழிவர்மர் அனுராதபுரத்தில் இருக்கிறார், பிக்குகள் அவருக்கு இலங்கைச் சிங்காதனத்தைக் கொடுக்க முன்வருகிறார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் அனுராதபுரம் போய் வெயிலில் சலித்து நின்ற பிள்ளைக்கு அதே இடம் கதையில் வேறுமாதிரித் தெரியும். சோழர் இந்தத் தீவில் வெறும் விருந்தாளிகளாக இருந்தார்களா என்ற கேள்வியைச் சிங்களச் சிநேகிதி யாராவது கேட்டால் கல்கி உதவமாட்டார். அது வேறு புத்தகத்தின் வேலை.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். பரிசாக முழுத் தொகுதியை வாங்கிக் கொடுத்து அது அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரமாக நிற்கும் வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனையோ. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மலிந்த பதிப்புகளில் எழுத்து எறும்பளவு. நாட்டுடைமையானதன் இன்னொரு பயன், மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாகத்தை அங்கே வாசிக்கட்டும். ஆடிப்பெருக்கில் தொடங்கும் குதிரைப் பயணம் அவளைப் பிடித்துக்கொண்டால் அதன்பின் தாளில் வாங்கலாம்.

ஹாரி பாட்டரைப் பற்றி இந்த வயதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு வயதில் தொடங்கியவர்கள் முடித்துவிட்டார்கள். தொடங்காதவர்களுக்கு முதலிரண்டு பாகமும் சின்னப் பிள்ளைக் கதையாகத் தெரியும், மூன்றாவதுக்குள் போகப் பொறுமை இருக்காது. ஏழு பாகப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றையும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

காதல் கதை விசயத்தில் அக்கா கடுமை. "அந்தக் கண்றாவி வேண்டாம்." அவள் ஓ.எல். படித்த காலத்தில் புவியியல் கொப்பிக்குள் எந்த ரமணிசந்திரன் காதல் நாவல் இருந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. 2005இல் வந்த, இரத்தக் காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணின் கதையான 'ட்வைலைட்' வகையையும் ரமணிசந்திரனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மொழியும் உடையும்தான் வேறு. அழகும் கோபமும் உள்ள ஒருவன். அவன் அடக்கி ஆள்வதைக் காதல் என்று எடுத்துக்கொள்ளும் ஒருத்தி. 'ட்வைலைட்'டில் அவன் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான், கதை அதை அன்பாகக் காட்டும். எனக்கு அந்த இடம் தோலில் ஊரும். ஆனாலும் தடைசெய்ய மாட்டேன். தடைசெய்தால் வாட்பேட், பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளங்களில் அதைவிட மோசமாக, எழுத்துப் பிழையோடு, இலவசமாகக் கிடைக்கும். என் காசில் வாங்க மாட்டேன். சிநேகிதியிடம் இரவல் வாங்கி வந்தால் நானும் வாசித்துவிட்டு அந்த அறைக் காட்சியைப் பற்றிக் கதைப்பேன்.

இனி உள்ளூர்ப் புத்தகங்கள். விளம்பரம் குறைவு, கேட்டால்தான் கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வருவார். ஷியாம் செல்வதுரை கொழும்பில் பிறந்து கனடாவில் வாழ்பவர். அவருடைய 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் ஸீ' 2005இல் இந்த வயதினருக்கென்றே எழுதப்பட்டது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பு, பதினாலு வயது அம்ரித், பாடசாலையில் ஒத்தெல்லோ நாடகம், கனடாவிலிருந்து திடீரென வந்து இறங்கும் மச்சான். அந்த மச்சான்மேல் தனக்கு வருவது என்ன உணர்வு என்று அம்ரித் உணர்வதுதான் கதையின் நடுநரம்பு. அது தெரியாமல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பெற்றோர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை. முதலில் தாங்களே வாசித்துவிட்டுக் கொடுக்கலாம். என்னைப் பொறுத்தவரை, ஒரு பிள்ளையின் தனிமையை இவ்வளவு மெதுவாக, சத்தமில்லாமல் சொன்ன கொழும்புக் கதை குறைவு. வேகம் தேடும் பிள்ளைக்கு மட்டும் ஒத்துவராது. இன்னும் இரண்டு வருடம் கழிந்தால் வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' கொடுக்கலாம். 1981இல் பதினாறு வயதில் டொக்டராகப் படிக்க நினைக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணில் தொடங்கும் நாவல், 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. இப்போது வேண்டாம், பாரம் அதிகம்.

உள்ளூர்த் தமிழில் வெகுசன நாவல் இருந்ததே பலருக்கு மறந்துவிட்டது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வாசிக்க ஏதாவது வேண்டும் என்று நின்ற சனத்துக்காக வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்களைப் போட்டுத் தள்ளியது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அந்த வரிசையில் வந்தது: நெடுந்தீவு, வாடைக்காலத்தில் மீன்பிடிக்க வந்து வாடி (கரையோரக் குடில்) போடும் ஆட்கள், ஊர்ப் பெண்கள், பகை. 1978இல் படமாகவும் வந்தது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னிக் காட்டோரக் கிராமத்தில் நடப்பது, சின்ன நாவல். இவற்றில் பேச்சு எங்கள் பேச்சு. பெறாமகள் தமிழ்நாட்டுக் கதைகளில் 'என்னடி சொல்றே' என்று வாசித்துப் பழகியவள். அம்மம்மா கதைக்கிற மாதிரி அச்சில் பார்த்தால் முதலில் சிரிப்பாள், பிறகு நிமிர்ந்து உட்காருவாள் என்று எதிர்பார்க்கிறேன். பழைய ஈழத்துப் பதிப்புகளை இப்போது கடையில் தேடுவது வீண். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்துப் பிரதிகள் இலவசமாக இருக்கின்றன. படம் பிடித்த பக்கங்களைப் போனில் வாசிப்பது கண்ணுக்குச் சோதனை என்பதை மறைக்கவில்லை. பெரிய திரையில் வாசித்தால் பரவாயில்லை.

எதை என்பதைப் போலவே எங்கே என்பதும் முடிவை மாற்றும். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முன்னூற்றறுபதுக்குப் போனபோது ஏறிய இறக்குமதிப் புத்தக விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. இந்திய ரூபா ஒன்றுக்கு எங்கள் காசு ஏறத்தாழ மூன்றரை. சென்னையில் 300 ரூபா போட்ட புத்தகம், கடைக்காரர் தன் பங்கைச் சேர்க்க முன்னமே, ஆயிரத்தைத் தாண்டிவிடும். கண்காட்சியில் தரும் விலைக்கழிவு அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தரும். அங்கே சிங்கள, ஆங்கிலக் கடைகள் மண்டபம் மண்டபமாக நிற்கும்; தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். தமிழ்ப் புத்தகம் மட்டும்தான் நோக்கமென்றால் கண்காட்சிக் கூட்டத்தில் நசிபடாமல் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டைச் செட்டியார் தெருவுக்குப் பக்கத்திலோ உள்ள தமிழ்ப் புத்தகக் கடைக்குப் போவது உத்தமம்.

ஆங்கில வெகுசனக் கதைக்கு என் இடம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகள். எல்லோரும் மருதானை என்றே சொல்வோம். சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போகும் தொடர்கள் அங்கேதான் வந்து சேர்கின்றன. இரண்டாம் பாகம் இருக்கும், முதலாவது இருக்காது; பொறுமையோடு தேட வேண்டும், கொஞ்சம் சிங்களத்தில் பேரம் பேச வேண்டும். நடைபாதையில் பளபளவென்று புதிதாக, பாதி விலையில் கிடைப்பதை வாங்காதீர்கள். களவுப் பதிப்பில் ஒரு கட்டுப் பக்கம் இரண்டுமுறை வந்து, அடுத்த கட்டு வராமலே போகும். மர்மக் கதையில் அது நடந்தால் என்ன கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் விட மலிவு, விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துக் கொழும்புப் பொது நூலகம். 1925இல் தொடங்கியது, மும்மொழியும் உண்டு. வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். ஆனால் பதினாலு வயதுக்கு நூலகத்தில் ஒரு தடங்கல் இருக்கிறது: ரியூசன் முடிந்து வரும்போது மணி ஏழு. சனி, ஞாயிறும் ரியூசன். நூலகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் நேரத்தை அக்கா முதலில் கால அட்டவணையில் கண்டுபிடிக்கட்டும், அதற்குப் பிறகு நான் அங்கத்துவப் படிவம் எடுத்து வருகிறேன்.

ஆகவே இந்த வருட முடிவு இப்படி. சுஜாதா புதிதாக, வெள்ளவத்தையில். இரவல் கொடுத்தால் திரும்பி வராத வகைப் புத்தகம் என்பதால் சொந்தப் பிரதிதான் நல்லது. 'ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகம் மட்டும் மருதானையில். முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டால் அடுத்தது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பேன், முதலில் ஜீனோ. காட்னிஸின் வேகத்துக்குப் பழகிவிட்டு ஜீனோவிடம் வந்தால் நாய் அதிகம் கதைக்கிறது என்பாள். கல்கி திரையில், அவளாகக் கேட்கும்வரை. அம்ரித்தின் கதையை அக்கா வாசித்து முடித்தபின். அக்கா இருபதாம் பக்கத்தில் நிற்கிறாள், அவசரப்படுத்தவில்லை.

மிச்சக் காசு கண்காட்சியில் பிள்ளையின் கையில். எந்தக் கடை, எந்த மொழி, எந்த அட்டை என்பது அவள் பாடு. அட்டையில் இரத்தக் காட்டேரி நின்றாலும் நான் பார்க்கப்போவது கழிவு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும்தான்.